நாய்க்குப் பானை, பூனைக்குப் பாக்கெட்

எங்கள் வீட்டில் செம்பி என்றொரு நாட்டு நாய், 15 கிலோ. கடுகு என்றொரு பூனை, 4 கிலோ. இரண்டும் தெருவிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் கருத்தடை செய்தாகிவிட்டது. இவற்றுக்குச் சமைத்துப் போடுவதா, கடையில் வாங்கிப் போடுவதா என்ற வழக்கு வீட்டில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அம்மா சமையல் கட்சி. உலர் உணவு அவருக்கு இன்றுவரை 'கல்'தான். "சோறு பொங்குகிற வீட்டில் வாயில்லா ஜீவனுக்குக் கல்லைப் போடுகிறாயே" என்பார். நான் நெடுநாள் பாக்கெட் கட்சியில் இருந்தேன். இப்போது இரண்டிலும் இல்லை. நாயையும் பூனையையும் ஒரே கேள்விக்குள் அடைத்ததால்தான் இந்த வழக்கு தீரவில்லை என்று எனக்குப் படுகிறது.

நம் பக்கத்து வழக்கத்தைக் கவனித்திருப்பீர்கள். விலை கொடுத்து நாய் வாங்கியவர் அதற்கு மூட்டை மூட்டையாகப் 'பெடிகிரி' வாங்குவார். (எந்த நிறுவனம் செய்திருந்தாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் பெடிகிரிதான், போட்டோ நகலெல்லாம் ஜெராக்ஸ் ஆனதைப் போல.) பூனைக்கோ ஒரு கிண்ணம் பால், மீன் கழுவும்போது விழுகிற தலை, மிஞ்சினால் குழம்புச் சோறு. அது எப்படியும் எலி பிடித்துத் தின்றுகொள்ளும் என்ற நம்பிக்கை வேறு. உடம்பின் தேவையை வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு அப்படியே தலைகீழ். சமைத்த உணவில் சமாளிக்கக்கூடியது நாய்தான். பூனை சமாளிக்காது.

காரணம் குடலிலும் மரபணுவிலும் இருக்கிறது. மனிதர்களோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாய் மாவுப்பொருளைச் செரிக்கக் கற்றுக்கொண்டது. மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கின்றன. நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. சோறு நாய்க்கு ஆகாது என்று சொல்லி விற்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். நம் தாத்தாக்களின் நாய்கள் கூழிலும் கஞ்சியிலும் வளர்ந்தவை. வயலில் பிடித்த எலியும் வேட்டையில் கிடைத்த முயலும் மேற்கொண்டு சேர்ந்தன. மாடி வீட்டு நாய்க்குக் கூழ் மட்டும் மிஞ்சிவிட்டது, முயல் போய்விட்டது. 'அந்தக் காலத்தில் நாய்கள் நன்றாகத்தானே இருந்தன' என்பவர்கள் இந்த முயலைக் கணக்கில் எடுப்பதில்லை.

தயிர்ச்சோற்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருத்தடை செய்த, ஓரளவு ஓடியாடும் 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி வேண்டும். (எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கி, பிறகு 1.6-ஆல் பெருக்குவது கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கு.) வளர்ந்த நாய்க்கு 1000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் என்பது அமெரிக்கத் தர அளவு, ஆக, செம்பிக்கு 38 கிராம். சோறு இரண்டு பங்கு, தயிர் ஒரு பங்கு என்று பிசைந்த தயிர்ச்சோற்றில் 850 கலோரியும் கொடுத்தால் புரதம் 23 கிராம்தான் தேறும். வயிறு நிறைந்துவிடும், வாலும் ஆடும். ஆனால் முடி மங்கும், தசை குறையும், உடம்பு மட்டும் உருண்டையாகும். 'நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறது' என்று விருந்தாளிகள் பாராட்டும் பல நாய்கள் உண்மையில் புரதக் குறைவும் கலோரி மிகுதியும் சேர்ந்தவை.

ஆகவே சமைப்பது என்றால் நம் சாப்பாட்டில் மிஞ்சியதை வழித்துப் போடுவது என்று பொருளல்ல. இது முதல் தெரிவு என்று சிலர் நினைக்கிறார்கள். நான் இதைத் தெரிவாகவே எடுத்துக்கொள்வதில்லை. நம் குழம்பில் உப்பு இருக்கிறது, காரம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேல் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. வெங்காயம் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் நாயின் இரத்தத்தில் மாற்றத்தைக் காட்டும். பூனைக்கு 5 கிராமே போதும். செம்பி ஒரு நாள் சாம்பார் சாதத்தைத் திருடித் தின்றதற்காக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் கடுகுக்கு 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம், ஆபத்தின் வாசல். பிரியாணி எலும்பைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு போட்ட எலும்பு செம்பியின் கடைவாயில் குறுக்கே சிக்கி, மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியதாயிற்று. வெந்த எலும்பு வளையாது, சிலும்பாகப் பிளக்கும்.

நாய்க்கென்று தனியாகச் சமைப்பது வேறு. செம்பியின் ஒரு நாள் பானை ஏறத்தாழ இப்படி: சோறு 250 கிராம், எலும்பு நீக்கி வேகவைத்த கோழித் தொடைக்கறி 200 கிராம், மஞ்சள் பூசணியோ கேரட்டோ 100 கிராம், ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி எண்ணெய். கலோரி 850-ஐத் தொடும், புரதம் தேவைக்கு மேலேயே வரும். இதோடு நிறுத்தினால்தான் வினை. இறைச்சியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். கழுவி உலர்த்தி மாவாகப் பொடித்த முட்டை ஓடு அரை தேக்கரண்டி போட்டால் ஏறத்தாழ 1 கிராம் கால்சியம் கிடைக்கும். செம்பி அளவுள்ள நாய்க்கு அது சரியாக இருக்கும். மிக்ஸியில் நைசாக அரையுங்கள், நறநறவென்று இருந்தால் அப்படியே வெளியே வந்துவிடும்.

கால்சியத்தைச் சரி செய்தாலும் துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் பாக்கி. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2013-இல், நூல்களிலும் இணையத்திலும் இருந்து நாய்களுக்கான 200 சமையல் குறிப்புகளை எடுத்து அலசினார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் குறைந்தது ஒரு சத்தாவது தேவையான அளவுக்குக் கீழே இருந்தது. மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அதில் அடக்கம். 'வாரத்துக்கு வாரம் மாற்றி மாற்றிச் சமைத்தால் சரியாகிவிடும்' என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். எல்லாக் குறிப்பிலும் அதே சத்துகள் குறைந்தால், எதை எதோடு மாற்றினாலும் அவை குறைவாகவேதான் இருக்கும். ஆகவே பானையை நம்புகிறவர்கள் கால்நடை மருத்துவரிடம் சமையல் பட்டியலைக் காட்டி, அதற்கேற்ற சத்துப்பொடியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பொடியைப் போட மறக்காத வீடுகளுக்குத்தான் சமையல் சரிப்படும். மறக்கிற வீடா? பாக்கெட்டே மேல்.

பாக்கெட்டின் பலம் இந்த மறதியின்மைதான். 'முழுமையான, சமச்சீர் உணவு' என்று எழுதி, எந்த வயதுக்கு என்றும் குறிப்பிட்டிருந்தால், அதை மட்டுமே தின்று அந்த விலங்கு வாழலாம் என்று பொருள். அப்படி எழுதாதது தின்பண்டம். இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டு, அட்டையில் இருக்கும் பச்சைப் பட்டாணிப் படத்தையும் சீறும் ஓநாய்ப் படத்தையும் மறந்துவிடலாம்.

பாக்கெட்டும் தவறு செய்திருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. 2007-இல் வட அமெரிக்காவில், சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்ததால் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. உணவு பெருமளவில் திரும்பப் பெறப்பட்டது. 2018-இல் தானியமில்லாத, பட்டாணியும் பருப்பும் மிகுந்த நாய் உணவுகளுக்கும் இதயம் வீங்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. காரணம் அறுதியாக நிறுவப்படவில்லை. இருந்தாலும், அரிசி சேர்ந்த உணவை விட்டு 'தானியமில்லாதது' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்க எனக்கு மனமில்லை. இங்கே ஒன்று தோன்றுகிறது. பாக்கெட்டில் பிழை வந்தால் ஒரே நேரத்தில் ஆயிரம் வீடுகளில் தெரியும், யாராவது கண்டுபிடிப்பார்கள். பானையில் வரும் பிழை ஒரே வீட்டோடு நின்றுவிடும். நாய் ஏன் நொண்டுகிறது என்று அந்த வீட்டுக்காரர் மட்டும் தனியாக யோசித்துக்கொண்டிருப்பார்.

நம் ஊருக்கே உரிய கவலை ஒன்றும் உண்டு: மூட்டையைப் பிரித்துச் சில்லறையில் நிறுத்துக் கொடுக்கும் உலர் உணவு. கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த மூட்டை எப்போது பிரிக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சை பிடிக்கும். சிறிய பையாக வாங்கி, பையோடு டப்பாவில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். விலையைக் கிலோவுக்கு ஒப்பிடாமல் கலோரிக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவான மூட்டையை அதிகமாகப் போட வேண்டியிருந்தால் மலிவு எங்கே இருக்கிறது?

இனி பூனை. இங்கே நான் நடுநிலைமை காட்டப் போவதில்லை.

பூனை இறைச்சி தின்றே ஆக வேண்டிய விலங்கு. கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்க அதற்குத் தெரியாது. டாரின் என்ற சத்தை நாயின் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதுமான அளவுக்கு முடியாது. டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து விரியும். 1987-இல் டேவிஸ் வளாகத்து மருத்துவர்கள், கடை உணவு தின்றுவந்த பூனைகளிலேயே இந்த இதய நோயைக் கண்டார்கள். டாரின் கொடுத்ததும் இதயம் மீண்டது. அதன்பின் நிறுவனங்கள் பூனை உணவில் டாரின் அளவைக் கூட்டின, அந்த நோயும் அரிதாகிவிட்டது. ஆக, பூனை உணவுத் தொழிற்சாலைகளே தடுக்கி விழுந்து கற்றுக்கொண்ட பாடம் இது. நம் அடுக்களையில் அதைக் கண்ணளவில் சாதிக்க முடியாது. டாரின் நீரில் கரையும். கோழியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் டாரினில் ஒரு பகுதி அதோடு சாக்கடைக்குப் போய்விடும்.

'மீன் போடுகிறோமே' என்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். மீன்கார அம்மா கடுகுக்கென்றே நான்கு மத்தியை ஒதுக்கி வைப்பார். பச்சை மத்தியிலும் நெத்திலியிலும் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. அவித்தால் அந்த நொதி அழிந்துவிடும், பச்சையாகவே தினமும் தின்னும் பூனைக்குத் தலை தொங்கும், வலிப்பு வரும். அவித்துப் போட்டாலும் கொழுப்பு மீன் மட்டுமே உணவென்றால் வைட்டமின் ஈ தீர்ந்து, தோலுக்கடியில் கொழுப்பு வீங்கி, தொட்டாலே கத்தும். ஈரலை விரும்புகிறதே என்று தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிப்போகும். கருவாட்டில் உப்பு. பால் என்றால், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, பேதிதான் மிச்சம். வாரத்துக்கு ஒரு முறை அவித்த மத்தி ஒன்று, முள் நீக்கி, விருந்தாகக் கொடுக்கலாம். கடுகுக்கு அது வெள்ளிக்கிழமை கிடைக்கும். கிழமை தெரியாத பிராணி என்று யாரும் சொல்ல முடியாதபடி அன்று காலையிலேயே வாசலில் உட்கார்ந்துவிடும்.

சைவ வீடுகளுக்கு ஒரு வார்த்தை. நாயை முட்டை, தயிர், பருப்பு, சத்துப்பொடி என்று திட்டமிட்டு இறைச்சியில்லாமல் வளர்க்க முடியும், மருத்துவர் உதவியோடு. பூனையை வீட்டுச் சமையலில் அப்படி வளர்க்க முயலாதீர்கள். அடுக்களையில் மீன் ஏறாத வீட்டுக்குப் பாக்கெட் ஒரு வரப்பிரசாதம். பையைக் கிழித்துப் பால்கனியில் வைத்துவிடலாம், பாத்திரம் கூடத் தனியாகிவிடும். நமக்குத் தெரிந்த சைவ வீடுகளில் நலமாக இருக்கும் பூனைகள் இப்படித்தான் வளர்கின்றன.

பூனைக்குப் பாக்கெட் என்று முடிவான பிறகு அடுத்த வழக்கு: உலர் உணவா, கிரேவி பாக்கெட்டா? உண்மையில் இதுதான் அதிகம் யோசிக்க வேண்டிய இடம். பூனையின் முன்னோர் பாலை நிலத்துக் காட்டுப்பூனைகள். இரையின் உடம்பிலிருந்தே நீரைப் பெற்றவை. தாகம் எடுத்துத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் பூனைக்கு மந்தம். 4 கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு 240 கலோரி அளவில் வேண்டும். அதை உலர் உணவில் கொடுத்தால் 65 கிராம். அதிலுள்ள நீர் 6 மில்லிதான். கிரேவியில் கொடுத்தால், 80 கிராம் பை ஒன்றில் 70 கலோரி என்று வைத்தால், மூன்றரைப் பை வரும். நீர் 220 மில்லி. மே மாத வெயிலில் இந்த வித்தியாசம் சிறுநீர்ப்பையில் தெரியும். ஆண் பூனைக்கு இது மிக முக்கியம். அதன் சிறுநீர்க்குழாய் மெல்லியது, படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். கழிப்பதற்காக வைத்த மண் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடாதீர்கள், அப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கிரேவி அட்டையில் புரதம் 10 சதவீதம் என்றும் உலர் உணவில் 32 என்றும் பார்த்து ஏமாற வேண்டாம். நீரைக் கழித்துப் பார்த்தால் 78 சதவீதம் நீருள்ள அந்தக் கிரேவியின் புரதம் 45 சதவீதம்; 10 சதவீதம் நீருள்ள உலர் உணவு 36-தான். ஆனால் நாளுக்கு மூன்றரைப் பை என்றால் மாதக் கடைசியில் கை சுடும். அதனால் நான் கலந்து கொடுக்கிறேன்: காலையில் ஒரு கிரேவிப் பை, மீதிக்கு 45 கிராம் உலர் உணவு இரண்டு வேளையாகப் பிரித்து, தண்ணீர்க் கிண்ணங்கள் வீட்டில் மூன்று இடங்களில். உலர் உணவை நாள் முழுவதும் திறந்து வைப்பதில்லை. தட்டை நிரப்பிவிட்டு அலுவலகம் போகும் வீடுகளில்தான் குண்டுப் பூனைகள் உருவாகின்றன. அளவு நாய்க்கும் பொருந்தும். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வொன்று 2002-இல் வெளிவந்தது: கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. எதைப் போடுவது என்று சண்டையிடும் வீடுகளில் எவ்வளவு போடுவது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு சமையல் தராசு வாங்கும்வரை கேட்டதில்லை.

பச்சை இறைச்சி போடும் புதுப் பழக்கம் நகரங்களில் பரவுகிறது. ஓநாயை உதாரணம் காட்டுகிறார்கள். நம் கோழிக்கடை மேசையையும் வெயிலையும் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. சால்மோனெல்லா நாயைவிடத் தரையில் தவழும் குழந்தையை முதலில் பிடிக்கும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பூனை, பறவைக் காய்ச்சல் கிருமி இருந்த பச்சை வான்கோழி உணவால் இறந்ததும் நினைவில் இருக்கிறது.

என் ஏற்பாடு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஒரு வயது நிரம்பாத குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் பாக்கெட்தான், நாயானாலும் சரி. பெரிய இன நாய்க்குட்டிக்கு முட்டை ஓட்டுத் தூளை அள்ளிப் போட்டால் எலும்பு வலுப்படாது, கோணும். சிறுநீரக நோய், கணைய அழற்சி உள்ளவற்றுக்கு மருத்துவர் சொல்வதே உணவு. காலையில் போய் இரவில் திரும்பும் தனியாள் நாய்க்குச் சமைக்க முடியவில்லை என்று குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. உலர் உணவு 240 கிராமை அளந்து வைத்து, மிச்சமாகும் அரை மணி நேரத்தை நடைக்குக் கொடுத்தால் நாய்க்கு அதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது. செம்பிக்கே வெளியூர் போகும் நாள்களில் பாக்கெட்தான். இரண்டும் பழகியிருப்பது நல்லது.

மாற்றும்போது அவசரம் வேண்டாம். நாய்க்கு ஏழெட்டு நாள்களில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டலாம். பூனைக்கு மூன்று நான்கு வாரமானாலும் ஆகட்டும். 'பசித்தால் தின்னும்' என்ற வைத்தியம் பூனையிடம் செல்லாது; சில நாள் பட்டினி கிடந்தாலே, அதிலும் குண்டுப் பூனையானால், கல்லீரலில் கொழுப்பு அடைத்துவிடும். கடுகு மீன் சோற்றிலிருந்து பாக்கெட்டுக்கு வர ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் உலர் உணவை ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சோற்றைத் தின்றது.

இப்போது அம்மா செம்பிக்குச் சமைக்கிறார், பொடி போடுவது என் வேலை. ஒரே தொல்லைதான் மிச்சம். புரதமும் கொழுப்பும் மிகுந்த பூனை உணவின் வாசனை செம்பிக்கு உயிர். கோழி வெந்த தண்ணீரின் மேல் கடுகுக்குக் கண். கடுகின் தட்டு வாஷிங் மெஷின் மேலே ஏறிவிட்டது. செம்பி சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றபடி காவல் இருக்கிறார். அந்த முறுக்கில் செம்பிக்கு எத்தனை போகிறது என்பதுதான் தராசில் இன்னும் ஏறாத கணக்கு.